பார்த்தவளுக்கு ஒரு வாய்

குழந்தைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலையாக இருந்தது. அதற்குத்தான் சம்பளம். இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என் வீட்டுக்காரர் வாலாஜாபாத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். "நான் நாளெல்லாம் ரோட்டப் பாத்துக்கினு இருக்கேன், நீ கொழந்தைங்க வாயப் பாத்துக்கினு இரு, நல்ல ஜோடிதான் போ" என்று சிரித்தார். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, "உனக்குக் கஷ்டமா இருக்காதா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கின்னா கஷ்டம்? போய் வண்டிய எடு" என்றேன்.

அவர் கேட்டது சரிதான். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் எங்களுக்குக் குழந்தை இல்லை.

ஒரு மருத்துவக் கல்லூரி நடத்திய ஆராய்ச்சி அது. ஒரே தெருவில், ஒரே மாதிரி சாப்பாட்டில் வளரும் குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டும் ஏன் உடம்பில் ஒட்டுவதில்லை, அதன் குடலுக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நெசவுத் தெருக்களிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளைச் சேர்த்து, இரண்டு வயது முடியும்வரை தினம் ஒரு பாக்கெட் மாவு கொடுத்தார்கள். கஞ்சியில் கலந்து ஊட்ட வேண்டும். சில பாக்கெட்டில் குடலுக்கு நல்லது செய்யும் ஒன்று கலந்திருக்கும், சிலதில் வெறும் மாவு. எது எது என்று தாய்க்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, எங்கள் டாக்டரம்மாவுக்கும் தெரியாது. கடைசிவரை தெரியக் கூடாதாம், தெரிந்தால் மனசு ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிடுமாம். ஞாயிற்றுக்கிழமை தவிர தினமும் நான் ஒவ்வொரு வீடாகப் போய், குழந்தை அந்தக் கஞ்சியை முழுசாகச் சாப்பிடுகிறதா என்று கண்ணால் பார்த்து எழுத வேண்டும். வாரம் ஒருமுறை எடை. மாதம் ஒருமுறை, மூடியிலேயே சின்னக் கரண்டி வைத்த டப்பாவில் குழந்தையின் மலத்தை எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஸ்கூட்டியில் கொண்டுபோக வேண்டும்.

அதனால் தெருவில் எனக்குப் பெயரே ஆய் டப்பாக்கா. முனையில் டீக்கடை வைத்திருந்தவர் சத்தம் போட்டே கூப்பிடுவார். "ஆய் டப்பாக்கா, இன்னிக்குச் சரக்கு நெறயவா?" நான் வாயை மூடிக்கொண்டு போகிற ஆள் இல்லை. "கொழந்தைங்களுது போதலியாம்ணா. உங்களுதும் ஒரு டப்பா கேட்டாங்க, காலையில ரெடி பண்ணி வைங்க" என்றேன். டீக்கடை மொத்தமும் சிரித்தது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் டீக்குக் காசு வாங்குவதையே நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாம்பிள் எடுக்கப் போனால் இன்னொரு கூத்து. "வெள்ளிக்கெழம அதுவுமா வூட்ல இருந்து எதையும் வெளிய குடுக்க மாட்டோம்மா." உப்பில்லை, தயிரில்லை, நான் கேட்பது என்ன என்று எடுத்துச் சொன்னாலும் நகர மாட்டார்கள். "எதுவா இருந்தா இன்னா? பொண்ணு கொழந்த, மகாலச்சுமி. நாளைக்கு வா." டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார், பிறகு வெள்ளிக்கிழமை சாம்பிளை எல்லாத் தெருவிலும் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்.

ஆனால் சாப்பிடுவதைப் பார்க்கும் விஷயத்தை எந்தக் கிழமைக்கும் மாற்ற முடியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. குழந்தை சாப்பிடும்போது கூடவே கூடாது. பார்த்தவருக்கு ஒரு வாய் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் பார்த்தவர் ஏங்கிப்போவார், அந்த ஏக்கம் சாப்பிடுகிற குழந்தையின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும், செரிக்காது, வயிற்றால் போகும். ஒரு வாய் போதும். கணக்கு தீர்ந்தது. இரண்டாவது வாய் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இது என் மாமியார் வீட்டிலும் உண்டு, என் அம்மா வீட்டிலும் உண்டு. படித்த டாக்டர்கள் இதையெல்லாம் யோசிக்காமல், தினமும் ஒருத்தியை அனுப்பி உட்கார்ந்து பார் என்று சொல்லிவிட்டார்கள். பாக்கெட் கஞ்சியில் ஒரு துளிகூட வேறு யாரும் வாயில் வைக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

ஒவ்வொரு வீடும் ஒரு வழி கண்டுபிடித்தது. ஒரு வீட்டில் நான் உள்ளே நுழைந்ததுமே என் கையில் ஒரு சிட்டிகை சர்க்கரை வைத்துவிடுவார்கள். இன்னொரு வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர். நானும் வாயில் போட்டுக்கொண்டு உட்காருவேன்.

"உனக்கு எத்தினி புள்ளைங்க?" என்று கேட்காத வீடு கிடையாது. "இல்ல. அடுத்த கேள்வி?" என்பேன். வெடுக்கென்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் தோண்ட மாட்டார்கள். எந்த டாக்டர், எந்தக் கோயில், எந்த மரத்தில் தொட்டில் கட்டினோம் என்று அடுக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. எல்லாம் செய்தாயிற்று. செய்து முடித்து, அழுதும் முடித்தாயிற்று என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டில் மட்டும் அந்தக் கேள்வி ரொம்ப நாள் வரவே இல்லை. முன்னறை முழுக்கத் தறி. அங்கே கோர்வைச் சேலை நெய்துகொண்டிருந்தார்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் அந்தச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும்: நெய்கிறவர் ஒருவர், கரைப்பக்கம் நூல் கண்டு வைத்த நாடாவை எறிந்து கொடுக்க ஒருவர். கணவன் நெய்தான், மனைவி நாடா எறிந்தாள். அவள் எழுந்தால் தறி நின்றுவிடும். அதனால் குழந்தைக்கு ஊட்டுகிற வேலை கணவனின் அக்காவுடையது. ஐம்பது வயதிருக்கும், தம்பி வீட்டோடு இருந்தாள். குழந்தைக்கு அத்தை, அதனால் நானும் மனசுக்குள் அவளை அத்தை என்றே வைத்துக்கொண்டேன். பேச்சில் என்னைவிடக் காரம். என் காலில் மெட்டியைப் பார்த்து, என் வயதைப் பார்த்து, எனக்கு வீட்டில் இரண்டு பிள்ளையாவது இருக்கும் என்று அவளே முடிவு செய்திருக்க வேண்டும்.

குழந்தையை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். பிறக்கும்போதே சின்னது. கையைப் பிடித்தால் எங்கே ஒடிந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். கண் மட்டும் பெரிசு, எதையும் விடாது. அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை, அந்தக் குழந்தையின் எடை. அத்தை ஊட்டுவாள், பாப்பா துப்புவாள். அத்தை அதட்டுவாள், பாப்பா வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். பார்க்கத்தான் எனக்கு அனுமதி, ஊட்ட இல்லை. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே என்னை அறியாமல் நான் "ஆ" என்று வாயைத் திறந்துவிட்டேன். குழந்தைக்கு ஊட்டுவதைப் பார்க்கிற எல்லோரும் செய்வதுதான். பாப்பா என் வாயையே பார்த்தாள், ஒரு சிரிப்பு சிரித்தாள், தானும் "ஆ" என்றாள். அத்தை கரண்டியை உள்ளே தள்ளிவிட்டாள்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் விளையாட்டு. நான் ஆ என்றால் அவள் ஆ. நான் மெல்லுவதுபோலச் செய்தால் அவளும் மெல்லுவாள். கிண்ணம் காலியாகும். என் ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே தொட்டில் துணிக்குள் காலை உதைக்க ஆரம்பித்துவிடுவாள் என்று அவள் அம்மா தறியில் உட்கார்ந்தபடியே சொல்வாள். எனக்குத் தலைகால் புரியாது. மற்ற வீடுகளை வேகவேகமாக முடித்துவிட்டுக் கடைசியாக அங்கே போவேன்.

எடை போடும்போது பாப்பா தட்டில் படுக்க மாட்டாள், ஊரைக் கூட்டுவாள். அதனால் நான் அவளைத் தூக்கிக்கொண்டு பெரிய எடை மெஷினில் ஏறி நிற்பேன். பிறகு அவளை அத்தையிடம் கொடுத்துவிட்டு நான் மட்டும் ஏறி நிற்பேன். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பாப்பாவின் எடை. அவளைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், முள் நிற்கட்டும் நிற்கட்டும் என்று சாக்குச் சொல்லி இன்னும் கொஞ்சம் நிற்பேன். அவள் தலை என் கழுத்தில் இடிக்கும். பால் வாசனையும் வசம்பு வாசனையும் அடிக்கும். அவளைக் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறி நிற்பதுதான் எனக்குப் பிடிக்காது. வெறுங்கையோடு நின்று என் எடையைப் பார்க்க என்ன இருக்கிறது?

எடை ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான், ஆனால் ஏறியது. டாக்டரம்மா "பரவாயில்லையே" என்றார். எனக்கு ஊரையே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

ஒருநாள் கரண்டியைக் கஞ்சியில் விட்டுக் கலக்கிக்கொண்டே அத்தை கேட்டாள்.

"உன்னுது எத்தினாவது படிக்குது?"

"என்னுதுன்னா?"

"புள்ளதான்."

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. "எனக்கு இல்லக்கா" என்றேன். அத்தையின் கை நின்றது. தறிச் சத்தமும் நின்றது. பாப்பா வழக்கம்போல என்னைப் பார்த்து "ஆ" என்றாள். நானும் பழக்கத்தில் "ஆ" என்று திறந்துவிட்டேன். அத்தை என் திறந்த வாயைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இத்தனை நாளும் அவள் விளையாட்டு என்று நினைத்தது அந்த ஒரு நொடியில் அவள் கண்ணுக்கு வேறாகிவிட்டது. பிள்ளை இல்லாதவள் ஒருத்தி, தன் வீட்டுக் குழந்தையின் கஞ்சிக்கு எதிரே தினமும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் நான் போனபோது பாப்பாவைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்திருந்தாள். என் கையில் சர்க்கரை வைத்தாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, நான் பாக்கலன்னா எழுத முடியாது."

"பின்னாடி இருந்து பாரு. முதுகு தெரியுதில்ல?"

"முதுகாலயா சாப்புடுவாங்க?"

"வாய் ரொம்ப நீளுது உனக்கு" என்றாள். குழந்தையின் அம்மா தறியில் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பாப்பா கழுத்தைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினாள். அத்தை தாடையைப் பிடித்து நேராக்கினாள். கஞ்சியெல்லாம் பாவாடையில் வழிந்தது. நான் "சாப்பிடவில்லை" என்று எழுதினேன். அடுத்த நாளும் அதையே எழுதினேன்.

அந்த வாரமே பாப்பாவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. அது மழைக்காலம், தெருவில் பாதிக் குழந்தைகளுக்கு அப்படித்தான் இருந்தது. இருந்தாலும் அத்தைக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ஏறியிருந்த எடை இறங்கியது. அவள் டாக்டரம்மாவுக்கே போன் போட்டுவிட்டாள், வேறு ஆளை அனுப்பச் சொல்லி.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். "நான் பேசிப் பாக்கட்டுமா? இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு எடுத்துச் சொல்லலாம்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேணாம் மேடம். எனக்கு வேற வீடு குடுங்க, எந்த வீடா இருந்தா இன்னா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ரோஷம். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அழுது முடித்தாயிற்று என்று நினைத்ததெல்லாம் பொய்.

அந்த வீட்டுக்கு இரண்டு பிள்ளை பெற்ற ஒருத்தியை மாற்றினார்கள். என்னைத் திருப்பருத்திக்குன்றம் பக்கம் போட்டார்கள். அங்கேயும் நல்ல குழந்தைகள்தான், கொழுகொழுவென்று கேட்காமலே சாப்பிடும் குழந்தைகள். நான் பார்த்தேன், எழுதினேன், வந்தேன். என் வாய் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. திறக்க விடவில்லை நான். வீட்டுக்குத் திரும்பும்போது சுற்று வழியாக அந்தத் தெருமுனை வரைக்கும் வருவேன். தறிச் சத்தம் கேட்கும். ஸ்கூட்டியின் ஹாரனில் கை போகும், அடிக்காமல் திரும்பிவிடுவேன். அடித்தால் அவள் காலை உதைப்பாள் என்று எனக்குத் தெரியும். உள்ளே போக முடியாதவள் எதற்காக ஹாரன் அடிக்க வேண்டும்?

எனக்குப் பதிலாக அந்த வீட்டுக்குப் போனவளை மத்தியானச் சாப்பாட்டில் தினமும் பிடித்துக்கொள்வேன். "சாப்பிட்டுச்சா?" அவள் உதட்டைப் பிதுக்குவாள். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது, ஆனாலும் வாயைத் திறப்பதில்லை. "வாசலயே பாத்துக்கினு இருக்குதுக்கா" என்றாள் ஒருநாள். அந்த வாயில் சோறு இறங்கவில்லை என்றால் எனக்கு மட்டும் எப்படி இறங்கும்? சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

பிறகு டாக்டரம்மா சொன்னார். அடுத்த எடையிலும் ஏறவில்லை என்றால் சென்னைக்கு அனுப்பி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூக்கு வழியாக ட்யூப் போட்டுத்தான் ஊட்ட வேண்டும். அந்தச் சின்ன மூக்கு எனக்கு நன்றாகத் தெரியும். அதில் ட்யூப் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்து எனக்கு எதிலும் மனசு ஓடவில்லை. என் வீட்டுக்காரர், "நீ வேலைய விட்டுடு, போதும்" என்றார். "விட்டுட்டு? வூட்ல உக்காந்து செவுத்தப் பாக்கவா?" என்று அவர்மேல் பாய்ந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. அத்தை இறங்கினாள். இடுப்பில் பாப்பா, கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பின்னால் குழந்தையின் அம்மா. எனக்குப் பதிலாகப் போனவளிடம் விலாசம் கேட்டு, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்கள். பாப்பா என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை, வெறுமனே பார்த்தாள். மறந்துவிட்டாளா?

அத்தை மன்னிப்புக் கேட்கவெல்லாம் வரவில்லை. வந்ததும் வராததுமாகச் சண்டைக்காரி மாதிரித்தான் ஆரம்பித்தாள்.

"நீ ஏங்கிக்கினே போய்ட்ட. எங்க வூட்ல இருந்து அப்டியே ஏங்கிக்கினு போய்ட்ட. அதான் இதுக்கு எறங்க மாட்டேங்குது."

"நான் ஒண்ணும் ஏங்கல."

"சக்கரையக் குடுத்தா தீர்ந்துடும்னு நெனச்சேன். தீர்ல. அது கையால ஒரு வாய் வாங்கிக்க. எனக்கு வேற வழி தெரில."

"நான் ஏங்கலன்னு சொல்றேன் இல்ல?"

"ஏங்கலியா?" என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

ஈரக் கையோடு நின்றேன். கையில் சோப்பு நுரை. ஏங்கினேன். ஏங்காமலா? தினமும் ஏங்கினேன். அவளைத் தூக்கும்போது ஏங்கினேன், இறக்கிவிடும்போது ஏங்கினேன், தெருமுனையில் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டு ஏங்கினேன். அந்தக் குழந்தையின் கஞ்சி எனக்கு எதற்கு? எனக்கு அந்தக் குழந்தை வேண்டும். அதில் பாதி கிடைத்தாலும் போதும். பார்க்க மட்டும் விட்டாலே போதும் என்ற இடத்துக்கு வந்துவிட்டிருந்தேன்.

"ஏங்கினேன்க்கா" என்றேன். என் வாயால் நான் அதை யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. அத்தை பாப்பாவைத் தரையில் உட்காரவைத்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சாதம். பாக்கெட் மாவு இல்லை. அவளே முந்திக்கொண்டு, "உங்க மாவு இல்ல, எங்க வூட்டுச் சோறு. பயப்படாத" என்றாள். பாப்பாவின் விரல்களைச் சோற்றில் அழுத்தி, கையைப் பிடித்து என் பக்கம் நீட்டினாள்.

நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். கோபம் இல்லாமல் இல்லை. என்னை ஒரு நோய் மாதிரி நினைத்து, அந்த நோயைக் கழிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? எழுந்து போங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அந்தப் பிஞ்சுக் கை நெய்யில் பளபளத்துக்கொண்டு என் மூக்குக்கு நேராக நின்றது. "ஆ" என்று வாயைத் திறந்தேன். பாப்பா என் வாயைப் பார்த்தாள். எத்தனையோ நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு வந்தது. தானும் "ஆ" என்றாள். அவள் விரலும் சோறுமாக என் வாய்க்குள் வந்தன, அதே நேரம் அவள் அம்மா ஒரு கவளத்தை அவள் வாயில் வைத்துவிட்டாள். மென்றாள். விழுங்கினாள். மறுபடி "ஆ" என்றாள். அன்று டிபன் பாக்ஸ் காலி. அம்மாக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பாப்பா இரண்டாவது தடவை எனக்கு ஊட்டக் கையை நீட்டினாள். அத்தை அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். "ஒண்ணு போதும். ஒண்ணுக்குத்தான் வழக்கம்."

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். "குழந்தைக்குப் பழகின முகம் எதிர்ல இருந்தா சாப்பிடும், அவ்ளோதான். எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றார். "நம்ம மாவத் தவிர எத வேணா ஒரு வாய் வாங்கிக்கோங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல." மறுபடி அந்தத் தெரு எனக்கு வந்தது. சென்னைக்குப் போக வேண்டி வரவில்லை.

இரண்டு வயது முடியும்வரை தினமும் அப்படித்தான். நான் உட்கார்ந்ததும் பாப்பா தன் கையால் எனக்கு ஒரு வாய்: ஒரு நாள் இட்லித் துணுக்கு, ஒரு நாள் வாழைப்பழம், ஒரு நாள் எச்சில் பிஸ்கட். "குடுத்துட்டியா? சரி, இப்ப நீ சாப்புடு" என்பாள் அத்தை. பிறகு கஞ்சி. அத்தையும் நானும் சண்டை போட்டுக்கொண்டேதான் இருந்தோம், ஆனால் அவள் எனக்குக் காபி போட்டு வைத்திருப்பாள். கடைசி நாள் எடையை அத்தை இரண்டு தடவை போடச் சொன்னாள். நான் பாப்பாவோடு ஏறி நின்றேன். அவளைக் கொடுத்தேன். தனியாக ஏறி நின்றேன். எழுதினேன். வந்துவிட்டேன்.

எங்கள் குழந்தைகளில் யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாவு என்று இன்றுவரை யாரும் வந்து சொல்லவில்லை. எங்கேயோ இங்கிலீஷில் அச்சாகியிருக்கும். இப்போது எனக்கு வேறு ஆராய்ச்சி, பெரியவர்களின் சர்க்கரை வியாதி. அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதினால் போதும், பார்க்க வேண்டாம். எல்லோரும் பொய்தான் சொல்கிறார்கள்.

பாப்பா ஒன்றாம் வகுப்புப் போகிறாள். அவளுக்கு என்னை ஞாபகம் இல்லை. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சில நாள் எதிரில் வருவாள். அத்தை நின்று என்னிடம் இரண்டு வார்த்தை பேசுவாள். பாப்பாவின் கையில் தின்பண்டம் இருந்தால், "ஆன்ட்டிக்குக் குடு" என்பாள். பாப்பா பிய்த்து நீட்டுவாள். "குடுத்துட்டியா? வா." போய்விடுவார்கள். நான் வாயில் போட்டுக்கொண்டு நிற்பேன். பாசத்தில் கொடுக்கச் சொல்கிறாளா, இன்னும் என் கண்ணுக்குப் பயந்து கொடுக்கச் சொல்கிறாளா? ஒவ்வொரு தடவையும் கேட்க வாய் வரும், கேட்க மாட்டேன். பயம்தான் என்று சொல்லிவிட்டால் அந்தத் துண்டு எனக்குத் தொண்டையில் இறங்காது.

போன வாரம் பெருமாள் கோயில் பக்கம் பார்த்தேன். பாப்பா கையில் முறுக்கு. வழக்கம்போல "ஆன்ட்டிக்குக் குடு" என்றாள் அத்தை, பாப்பா ஒடித்துக் கொடுத்தாள், நான் வாங்கிக்கொண்டேன். "குடுத்தாச்சா? வா, நேரமாச்சு." கொஞ்ச தூரம் போனவள் அத்தையின் கையை உதறிவிட்டு என்னிடம் திரும்பி ஓடி வந்தாள். மூச்சு வாங்க நின்று, இன்னொரு துண்டை ஒடித்து என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"ஏய், அதான் ஒண்ணு குடுத்துட்டியேடி" என்று அத்தை அங்கிருந்தே கத்தினாள்.

பாப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது நீ குடுக்கச் சொன்னது. இது நான் குடுக்கறது" என்றாள்.

நடுத்தெருவில் குனிந்து வாயைத் திறந்தேன். எனக்கு எதிரே அவளும் "ஆ" என்று திறந்துகொண்டு நின்றாள்.